பரண்மேல் உறங்கும் ஆகமம்

வேளாங்கண்ணி என்றவுடன் ஆரோக்கிய அன்னையின் ஆலயமே எவருக்கும் நினைவுக்கு வரும். அவ்வூரை நடுவாகக் கொண்டு ஒரு பகற்பொழுதில் சென்று திரும்பத்தக்க தொலைவை அளந்து பார்த்தால், தியாகேசப் பெருமான் திருநடனம் புரியும் ஏழு விடங்கத் தலங்களும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. வடக்கே நாகைக்காரோணமும் திருநள்ளாறும். மேற்கே திருவாரூரும் திருக்காறாயிலும். இன்னும் அணுக்கத்தில் திருக்கோளிலியும் திருவாய்மூரும். தெற்கே கடலோரமாகத் திருமறைக்காடு.

திருமறைக்காட்டுக் கதவின் வரலாற்றை அன்பர்கள் அறிவர். வேதங்கள் வழிபட்டுத் திருக்காப்பிட்டுச் சென்ற கதவு நெடுங்காலம் திறவாமல் இருந்தது. ஊர் மக்கள் பக்கத்தில் வேறொரு வாயில் அமைத்து அதன் வழியே உட்சென்று வழிபட்டு வந்தனர். அப்பர் பெருமான் பாடக் கதவு திறந்தது. ஞானசம்பந்தப் பெருமான் பாட மூடிக்கொண்டது. அன்று முதல் அது நாள்தோறும் திறந்து மூடும் கதவாயிற்று.

அந்தக் கதவு பூட்டிக் கிடந்த நாளிலும் அதற்குள் இருப்பது யார் என்பதை ஊரார் அறிந்திருந்தனர். காவிரி பாயும் இந்நாட்டில் இன்று பூட்டிக் கிடக்கும் மறைகளின் நிலை அவ்வாறன்று. சிவாசாரியார் இல்லங்களின் பரணிலும், மடங்களின் மரப்பெட்டிகளிலும், பூசையறை மூலையில் மஞ்சள் துணி முடிச்சிலும் கிடக்கும் ஓலைச்சுவடிகளுள் இருப்பது இன்ன நூல் என்று பல இல்லங்களில் அவ்வீட்டாருக்கே தெரியாது. பாட்டனார் படித்தார், தந்தையார் சரசுவதி பூசையன்று குங்குமம் இட்டார், மகன் பரணில் ஏற்றினார் என்ற அளவில் அதன் வரலாறு நின்றுவிடுகிறது. பெயர் தெரியாத பொருள் தொலைந்துபோனால், தொலைந்தது என்ற செய்திகூட எவருக்கும் எட்டாது.

பனையோலை மெல்லிய பொருள். பதப்படுத்தி, எழுத்தாணியால் கீறி, மஞ்சளும் வசம்பும் தடவி, மாவிலைக் கரியோ தர்ப்பைக் கரியோ கூட்டி மையாட்டி, இருபுறமும் சட்டம் வைத்துக் கயிற்றால் இறுகக் கட்டினாலும், தமிழகத்தின் வெப்பத்திலும் ஈரத்திலும் அது இருநூறு முந்நூறு ஆண்டுகளைத் தாண்டி நிற்பது அரிது. கடலோர ஊர்களில் வெண்கலப் பாத்திரமே விரைவில் களிம்பேறும். ஓலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே தமிழகத்தில் பல்லவர் காலத்து ஏடோ முற்காலச் சோழர் காலத்து ஏடோ கிடைப்பதில்லை. அக்காலத்தவை கல்லிலும் செம்பிலும் உள்ளன, ஓலையில் இல்லை. கையில் உள்ள சுவடிகளுள் மிகப் பழையவையும் நானூறு, ஐந்நூறு ஆண்டுகளுக்கு உட்பட்டவையே.

அப்படியானால் ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு முற்பட்ட ஆகமங்கள் எவ்வாறு வந்து சேர்ந்தன? பெயர்த்தெழுதியதனால் வந்து சேர்ந்தன. ஓலை நைந்து வரும்போது மாணாக்கரோ மகனோ அமர்ந்து புதிய ஓலையில் பெயர்த்தெழுதுவார். பழையது நீர்நிலையில் விடப்படும். புதியது பூசையில் ஏறும். ஒரு நூற்றாண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ நிகழும் இந்தப் பணி ஒரு தலைமுறையில் தவறினாலும் நூல் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது தவறத் தொடங்கியது. அச்சு வந்தது, பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குச் சென்றனர், பிறகு நகரங்களுக்குச் சென்றனர், கிரந்த எழுத்தைப் படிப்பவர் குறைந்தனர். பழைய ஏட்டை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கம் மட்டும் நின்றுவிடவில்லை. பெயர்த்தெழுதிய பின் பழையதை விடுவது முறை. பெயர்த்தெழுதாமலே விட்டது இழப்பாயிற்று.

உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு, திருவாவடுதுறையில் கற்று, கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராய் இருந்த உ.வே. சாமிநாத ஐயர் சுவடி தேடி ஊர் ஊராய் அலைந்த காலத்தில் கண்ட காட்சிகளுள் ஒன்று நெஞ்சைச் சுடுவது. கரிவலம்வந்தநல்லூர்த் திருக்கோயிலில் பழைய பாண்டிய மன்னர் ஒருவர் சேர்த்து வைத்த சுவடிகள் உள்ளன என்று கேள்வியுற்று அவர் அங்கே சென்றார். சிதைந்த ஏடுகளைத் தீயில் இடுவதே சாத்திர முறை என்று எண்ணி, அவற்றை நெய்யில் தோய்த்து ஆகுதி செய்துவிட்டதாக அங்கிருந்தவர்கள் தெரிவித்தனர். செய்தவர்கள் பகைவர் அல்லர். நூலை இகழ்ந்தவரும் அல்லர். நூலைத் தெய்வமாக மதித்ததனாலேயே குப்பையில் எறிய மனம் வராமல் அக்கினியில் இட்டனர். ஐயர் அங்கே எதனை இழந்தார் என்பதை அவராலும் சொல்ல இயலவில்லை. அங்கிருந்த சுவடிகளுக்கு ஒரு பட்டியல் இருந்திருந்தால், போனவை இவை என்றாவது உலகம் அறிந்திருக்கும்.

திருமுறைக்கும் இத்தகைய வரலாறு ஒன்று உண்டு. திருவாரூரில் சோழ மன்னர் தேவாரம் செவிமடுத்து உருகியதும், திருநாரையூர் நம்பியாண்டார் நம்பிகளின் துணைகொண்டு தில்லைக்கு வந்ததும், மூவர் கையடையாளத்துடன் பூட்டிய அறையைத் திறந்து பார்த்தபோது ஏடுகளைப் புற்று மூடியிருந்ததும், எண்ணெய் சொரிந்து எடுத்தவற்றுள் எஞ்சியவற்றை நம்பிகள் முறைப்படுத்தியதும் திருமுறை கண்ட புராணம் உரைப்பவை. எஞ்சியவை எண்ணூறுக்கும் குறைவான பதிகங்கள். இவ்வரலாற்றைக் கேட்போர் பெரும்பாலும் செல்லரித்த ஏடுகளை நினைந்து இரங்குவர். நம்பிகள் அதன்பின் செய்த பணியை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. கிடைத்தவற்றை யார் பாடியவை, எந்தப் பண்ணில் அமைந்தவை என்று வகுத்து, இன்ன பதிகம் இன்ன திருமுறையில் உள்ளது என்று இடம் குறித்து வைத்தார். அந்த ஒழுங்கு அமைந்த பிறகு பெருந்தொகையாய்ப் பதிகங்கள் மறைந்ததாக வரலாறு இல்லை.

ஆயினும் ஒன்றிரண்டு தவறின. கொரடாச்சேரிக்கு அருகில் உள்ள திருவிடைவாய்த் தலத்துக்கு ஞானசம்பந்தர் அருளிய பதிகம் எந்த ஏட்டிலும் கிடைக்கவில்லை. 1917ஆம் ஆண்டில் அத்திருக்கோயிலின் கல்வெட்டில் அது கண்டறியப்பட்டது. யாரோ ஓர் அன்பர் முற்காலத்தில் அதனைக் கல்லில் வெட்டுவித்திருந்தார். ஓலை கைவிட்டதைக் கல் காத்தது. ஒரே நூலை இரண்டு இடங்களில், இரண்டு வகைப் பொருளில் வைத்திருப்பதன் பயனை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று இந்நாட்டில் வேறில்லை.

தஞ்சையில் பட்டியல் எழுதும் பணி முன்னரே தொடங்கிவிட்டது. நாயக்க மன்னர் காலத்திலிருந்து வளர்ந்து, இரண்டாம் சரபோஜி மன்னரால் பெருகிய சரசுவதி மகால் நூலகத்தில் ஏறத்தாழ 49,000 சுவடிகள் உள்ளன. சரபோஜி மன்னர் காசி யாத்திரை சென்றபோது பாவமூட்டையைக் கங்கையில் இறக்கிவிட்டுச் சுவடி மூட்டைகளுடன் திரும்பினார் என்று சொல்லலாம். அங்கிருந்த வடமொழிச் சுவடிகளுக்குத் தஞ்சையில் நீதிபதியாய் இருந்த பர்னெல் என்ற ஆங்கிலேயர் வகுத்த அட்டவணை 1880இல் வெளிவந்தது. நூலகம் 1918இல் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. பின்னர் பி.பி. சுப்பிரமணிய சாஸ்திரியார் ஒவ்வொரு சுவடியையும் அவிழ்த்துப் பார்த்து விரிவான விளக்க அட்டவணையை 19 தொகுதிகளாக வெளியிட்டார். மின்விசிறியும் அரிதாயிருந்த அந்நாளில் பல்லாயிரம் சுவடிக்கட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஏடு எண்ணி, முதலும் முடிவும் குறித்து, மீண்டும் கட்டி வைப்பது ஒரு தவமே.

அரண்மனையில் சேர்ந்தவை இவ்வாறு கணக்கில் ஏறின. ஆலய பூசைக்கு அடிப்படையான சைவ ஆகமங்களும் பத்ததிகளும் பெரும்பாலும் அரண்மனைக்கு வரவில்லை. அவை பூசை செய்வோர் வீடுகளிலேயே இருந்தன. காமிகம் முதல் வாதுளம் ஈறாக ஆகமங்கள் இருபத்தெட்டு என்பது எல்லாரும் அறிந்தது. ஆனால் அவற்றுள் எத்தனை முழுமையாக உள்ளன, எவை எந்த ஊரில் யாரிடம் உள்ளன என்று இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஒருவராலும் உறுதியாகச் சொல்ல இயலாதிருந்தது. தமிழகத்தின் ஆயிரக்கணக்கான கோயில்களில் நாள்தோறும் ஆகம வழியில் பூசை நடக்கிறது. அந்த வழியைக் கூறும் நூல்களின் கணக்கு மட்டும் எங்கும் இல்லை.

அந்தக் கணக்கைத் தொடங்கியது புதுச்சேரி. 1955இல் அங்கே பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தோன்றியது. அதன் நிறுவனர் ஜான் ஃபிலியோசா, கோயில் வழிபாட்டை அறிய வேண்டுமானால் முதலில் ஆகமங்களைத் திரட்ட வேண்டும் என்று கருதினார். 1956 முதல் அப்பணியை மேற்கொண்டவர் பண்டிதர் என்.ஆர். பட். அவர் ஊர்தோறும் சென்றார். குருக்கள் இல்லங்களின் திண்ணையில் காத்திருந்தார். கொடுக்க இசைந்தவர்களிடம் சுவடிகளைப் பெற்றார். கொடுக்க மனமில்லாதவர்களிடம் பார்த்து எழுதிக்கொள்ள அனுமதி கேட்டார். அவ்வாறு பெயர்த்தெழுதிய காகிதப் படிகள் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டவை. சுவடிக்கட்டுகள் எண்ணாயிரத்தைத் தாண்டின. 1961இல் ரௌரவாகமத்தின் முதற்பகுதி பல சுவடிகளை ஒப்பிட்டு ஆராய்ந்த பதிப்பாக அங்கிருந்து வெளிவந்தது; மிருகேந்திரம், அஜிதம், மதங்கபாரமேசுவரம் ஆகியவை தொடர்ந்தன. இத்தொகுப்பையும் அதே நகரில் உள்ள மற்றொரு பிரெஞ்சு ஆய்வுக் கழகத்தின் சுவடிகளையும் சேர்த்து, புதுச்சேரிச் சைவச் சுவடிகள் என்ற பெயரில் யுனெஸ்கோ அமைப்பு 2005இல் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. சைவத்துக்கு உலகம் தந்த பெருமை என்று இதனைக் கொண்டாடலாம். இத்துணைச் சுவடிகளும் இந்நாட்டுப் பரண்களிலிருந்து போனவை என்பதையும் உடன் நினைவில் வைப்பது நன்று.

அங்குள்ள சுவடிகளின் விளக்க அட்டவணை அச்சுத் தொகுதிகளாக வெளிவரத் தொடங்கிச் சில தொகுதிகள் வந்தன. அச்சுத் தொகுதி மெதுவாகவே நகரும். சுவடிகளைப் படம் பிடித்துக் கணினியில் ஏற்றி இணையத்தில் வைக்கும் காலம் வந்தபின் பணியின் வேகம் மாறியது. வேலையின் தன்மை மாறவில்லை என்பதை முதியோர் அறிந்தால் மகிழ்வர். கணினியில் ஒரு சுவடியைப் பதிவது என்பது பெயரைத் தட்டச்சு செய்வதோடு முடிவதன்று. கட்டை அவிழ்த்தவுடன் ஏடுகளை எண்ண வேண்டும். நீளம், அகலம், பக்கத்துக்கு எத்தனை வரி, எழுத்து கிரந்தமா தமிழா நந்திநாகரியா, எந்த ஏடு முறிந்தது, எந்த ஏட்டைப் பூச்சி துளைத்தது என்று குறிக்க வேண்டும். ஒரே கட்டில் பத்து நூல்கள் இருக்கும். ஒரு பத்ததியின் நடுவே உற்சவ விதி. அதன் பின் பிராயச்சித்தம். அதற்கும் பின் யாரோ குறித்த நெற்கணக்கு. கடைசியில் குழந்தையின் சாதகம். ஒவ்வொன்றுக்கும் தொடக்க வரியும் முடிவு வரியும் எடுத்தெழுத வேண்டும். நூலின் பெயர் இல்லாத சுவடியை அந்தத் தொடக்க வரிதான் காட்டிக்கொடுக்கும். நாகப்பட்டினத்தில் கிடைத்த பெயரற்ற ஏட்டின் முதல் வரியும், மைசூரில் பெயரோடு உள்ள சுவடியின் முதல் வரியும் ஒன்றாயிருப்பதைக் கணினி நொடியில் எடுத்துக் காட்டும். முன்னாளில் இதற்கு ஒரு பண்டிதரின் வாழ்நாள் நினைவாற்றல் தேவைப்பட்டது.

ஏட்டின் இறுதிக் குறிப்பே இவற்றுள் சுவையானது. இன்ன வருடம், இன்ன மாதம், இன்ன நட்சத்திரத்தில், இன்ன ஊர் இன்னார் குமாரர் எழுதி முடித்தது என்று இருக்கும். பிழை இருந்தால் பொறுத்தருளுமாறு பெரியோரை வேண்டும் குறிப்பும் சிலவற்றில் காணப்படும். இடர்ப்பாடு என்னவெனில், வருடம் பிரபவ, விபவ என்ற அறுபது ஆண்டுச் சுழற்சியில் குறிக்கப்பட்டிருக்கும். விரோதி வருடம் என்றால் எந்த விரோதி? அறுபது ஆண்டு முன்னதா, நூற்றிருபது ஆண்டு முன்னதா? கிழமையும் திதியும் நட்சத்திரமும் சேர்ந்து குறிக்கப்பட்டிருந்தால் பஞ்சாங்கக் கணக்கால் ஒருவாறு தெளியலாம். அவை இல்லையேல் எழுத்தின் வடிவை நோக்கி ஊகிப்பதே வழி. படத்தைக் கருவி எடுத்துவிடும். அதைப் படித்துப் பொருள் சொல்ல, கிரந்தமும் ஆகமமும் பஞ்சாங்கமும் அறிந்த ஓர் ஆள் அருகில் இருக்க வேண்டும். அத்தகையோர் அருகி வருவதுதான் இப்பணியின் உண்மையான இடுக்கண். பணமும் கருவியும் அடுத்தபடி.

பட்டியலின் பயனைத் தமிழ்நாட்டுக்கு வெளியே நடந்த ஒன்று நன்கு விளக்கும். இருபத்தெட்டு ஆகமங்களுள் ஒன்று கிரணாகமம். தமிழகத்திலும் அதன் சுவடிகள் உண்டு; அவை அண்மைக் காலப் படிகள். இமயத்தின் அடியில், நேபாளத் தலைநகர் காத்மாண்டுவில் அதே ஆகமத்தின் ஓலைச்சுவடி ஒன்று உள்ளது. அது எழுதப்பட்ட ஆண்டு 924. சோழ நாட்டில் முதற் பராந்தகர் ஆட்சி புரிந்துகொண்டிருந்த காலம். தஞ்சைப் பெருவுடையார் கோயில் எழுவதற்கு எண்பது ஆண்டுக்கு முன். குளிர்ந்த மலைநாட்டு வானிலையில் பனையோலை ஆயிரம் ஆண்டு தாங்குகிறது. அங்கே எழுத்தாணியால் கீறுவதில்லை, மையால் எழுதுவர். இருபத்தெட்டில் மற்றொன்றான பாரமேசுவரத்தின் ஏடுகள் 828ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. நேபாளத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. அவ்வேடுகளின் படங்களை இன்று எவரும் இணையத்தில் கட்டணமின்றிக் காணலாம். பல்லவர் ஆட்சிக் காலத்தில் எழுதப்பட்ட ஒரு சிவாகம ஏட்டை, திருவாரூரில் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேரனின் கைப்பேசியில் ஒரு சிவாசாரியார் பார்க்க முடிகிறது. தம் வீட்டுப் பரணில் இருப்பது இன்னதென்று மட்டும் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

நிசுவாசம் என்ற ஆகமத்தின் வரலாறு இன்னும் வியப்பூட்டுவது. இருபத்தெட்டின் வரிசையில் அதன் பெயர் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டுச் சுவடி ஒன்று நேபாள அரண்மனை நூலகத்தில் இருந்தது. வங்கப் பேரறிஞர் அரப்பிரசாத சாத்திரியார் அதனைக் கண்டு தம் அட்டவணையில் குறித்து 1905இல் வெளியிட்டார். அந்தக் குறிப்பு அறிஞர்களை ஏட்டிடம் அழைத்துச் சென்றது. கிடைத்துள்ள சைவத் தந்திர நூல்களுள் மிகப் பழையது என ஆய்வாளர் கருதும் அந்நூலின் முதற்பகுதி 2015இல் புதுச்சேரியிலிருந்து அச்சாகி வெளிவந்தது. பட்டியலில் ஏறியதற்கும் அச்சேறியதற்கும் இடையே 110 ஆண்டுகள். பட்டியல் எழுதியவர் பதிப்பைக் காணவில்லை. எழுதாமல் விட்டிருந்தால் எவரும் கண்டிருக்கமாட்டார்.

கிரணாகமப் பதிப்பிலும் இவ்வாறே வடக்கும் தெற்கும் கைகோத்தன. காசுமீரத்து இராமகண்டரின் உரையோடு அதன் முதல் ஆறு படலங்கள் 1998இல் புதுச்சேரியிலிருந்து வெளிவந்தபோது, நேபாளத்துப் பழைய ஏட்டையும் தென்னாட்டுச் சுவடிகளையும் ஒப்பிட்டே பாடம் தீர்மானிக்கப்பட்டது. வயதில் மூத்தது நேபாள ஏடு என்பதற்காகத் தென்னாட்டுப் படிகள் தள்ளப்படவில்லை. பழைய ஏட்டில் சிதைந்த இடத்தைப் புதிய படி நிரப்பும். தென்னாட்டில் ஆகமம் இன்றும் நடைமுறையில் உள்ள நூலாதலால், அதற்கு உரையும் பத்ததியும் கிளைத்தது இங்கேதான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த அகோரசிவாசாரியாரின் கிரியாக்கிரமத்யோதிகையை இன்றும் கையில் வைத்து நடப்பவர்கள் தமிழகத்துச் சிவாசாரியார்கள். ஆகவே இருநூறு ஆண்டுப் படிதானே என்று ஒரு சுவடியை எவரும் எளிதாய் எண்ண வேண்டா.

இப்பணியைக் குறித்துச் சில பெரியோர்க்கு ஒரு மனக்குறை உண்டு, அது புறக்கணிக்கத்தக்கதன்று. ஆகமம் தீட்சை பெற்றவர்க்கு உரியது, குருமுகமாய்க் கேட்கத்தக்கது, அதனை யார் வேண்டுமானாலும் பார்க்குமாறு இணையத்தில் வைப்பது முறையா என்று அவர்கள் கேட்கின்றனர். கேள்வி நியாயமானது. தகுதியில்லாதவர் கையில் கிரியை சிக்கக்கூடாது என்பது ஆகமங்களே விதிக்கும் காப்பு. ஆயினும் இரண்டு செய்திகளை எண்ணிப் பார்க்கலாம். பட்டியலில் பெயரை ஏற்றுவது வேறு. நூல் முழுவதையும் வெளியிடுவது வேறு. இன்ன ஊரில் இன்ன ஆகமத்தின் சுவடி, இத்தனை ஏடுகள், இந்த நிலையில் உள்ளது என்ற குறிப்பு எந்த மறைபொருளையும் வெளிப்படுத்துவதில்லை. அடுத்தது, தீட்சை பெற்ற மாணவன் ஒருவன் நாளை வந்து கேட்கும்போது கொடுக்க நூல் இருக்க வேண்டும். செல்லுக்குத் தீட்சை தேவையில்லை. அது எந்த ஏட்டையும் அதிகாரம் கேட்டு அரிப்பதில்லை.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையில் வேளாங்கண்ணிக் கரையிலும் நாகப்பட்டினத்திலும் கடல் ஏறி வந்ததை அப்பகுதி மக்கள் மறக்கவில்லை. யாத்திரிகர்களும் மீனவக் குடும்பங்களும் ஆயிரக்கணக்கில் மாண்ட அந்நாளில் ஏட்டைப் பற்றி எண்ண எவர்க்கும் மனம் இல்லை. எண்ண வேண்டிய நாளும் அதுவன்று. பின்னர் அமைதியாய் நினைக்கும்போதுதான் தோன்றுகிறது: கடலோரத்து வீடுகளின் பெட்டிகளில் அன்று என்னென்ன ஏடுகள் இருந்தன, எவை போயின என்று எந்தக் கணக்கும் இல்லை. 2015இல் காத்மாண்டுவில் பெருநிலநடுக்கம் நேர்ந்தபோது அங்குள்ள கேசர் நூலகக் கட்டடம் பெரிதும் சேதமுற்றது. ஆயினும் நேபாளத்துச் சுவடிகளை 1970 முதல் முப்பது ஆண்டுக்கு மேலாக நேபாள அரசும் செருமானிய அறிஞர்களும் கூடி நுண்படச் சுருளில் பதிவு செய்திருந்தனர். அவற்றின் ஒரு படி காத்மாண்டுவிலும் ஒரு படி பெர்லினிலும் இருந்தது. திருவிடைவாயில் கல் செய்த வேலையை அங்கே படச்சுருள் செய்தது.

இந்நாட்டிலும் பணி நின்றுவிடவில்லை. நடுவண் அரசு 2003இல் தேசியச் சுவடி இயக்கத்தைத் தொடங்கியது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடிக்கெனத் தனித் துறை உள்ளது. இந்து சமய அறநிலையத் துறை, உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு திருக்கோயில்களில் உள்ள சுவடிகளைத் தேடிப் பராமரிக்கும் பணியை மேற்கொண்டுள்ளது. தேவாரம் முழுவதையும் சொல்லடைவோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் கணினித் தட்டாகப் புதுச்சேரி நிறுவனங்கள் 2007இல் வெளியிட்டன. இவையெல்லாம் நூலகங்களும் கோயில்களும் சார்ந்தவை. வீடுகளில் உள்ளவையே இன்னும் கணக்கில் வராதவை. அவற்றின் சாவி முதியோர் கையில் இருக்கிறது. இன்னார் வீட்டில், இன்ன பெட்டியில், யாருடைய பாட்டனார் எழுதிய ஏடு என்பது எழுபது, எண்பது அகவை கடந்தவர்களுக்கு மட்டுமே தெரிந்த செய்தி.

அவ்வாறு ஏடு வைத்திருப்போர் அறிய வேண்டியவை சிலவே. கட்டைத் திடீரென அவிழ்க்க வேண்டா. பழங்கயிறு அறுந்தால் ஏடுகளின் வரிசை குலையும். வரிசை குலைந்த சுவடியைச் சீர்செய்வது புதிதாய்ப் படிப்பதைவிடக் கடினம். ஒட்டிய ஏடுகளை நகத்தால் பிரிக்கக்கூடாது. ஈரம் போகட்டும் என்று வெயிலில் காயவைத்தால் ஓலை வளைந்து வெடிக்கும். விளக்கெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தடவுவது எறும்பை அழைப்பதாகும். எலுமிச்சைப்புல் எண்ணெய் நல்லதுதான். அதையும் பழகிய கையே தடவ வேண்டும். கண்ணாடித் தாளில் ஒட்டி இறுக மூடுவது ஓலையைப் புழுங்க வைக்கும். தூய பருத்தித் துணியில் சுற்றி, தரையில் படாமல், காற்றோட்டமான உலர்ந்த அலமாரியில் வைத்தால் அதுவே போதும். சந்தனமும் குங்குமமும் துணியின் மேல் இடலாம். ஏட்டின் மேல் இட்டால் எழுத்து மறையும்.

கொடுத்தால் திரும்ப வருமோ என்ற அச்சம் பல இல்லங்களில் உண்டு. முன்னாளில் இரவலாய்ப் போன ஏடுகள் திரும்பாத கதைகளும் உண்டு. படம் பிடிக்கும் முறையில் ஏட்டைக் கொடுக்கவே வேண்டியதில்லை. கருவியோடு அவர்களே வீட்டுக்கு வந்து, வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வோர் ஏட்டையும் இருபுறமும் படமெடுத்து, அதே வரிசையில் கட்டிக் கொடுத்துச் செல்ல இயலும். ஏடு பூசையறைக்குத் திரும்பும்; படிமம் பட்டியலில் ஏறும். வருமுன் ஒன்று மட்டும் வீட்டார் செய்து வைக்கலாம். ஒரு தாளில், இச்சுவடி யாருடையது, எந்த ஊரிலிருந்து வந்தது, எந்தக் கோயிலில் பூசைக்குப் பயன்பட்டது, எழுதியவர் பெயர் கேள்வியில் உண்டா என்பவற்றைத் தெரிந்த அளவில் எழுதித் துணிமுடிச்சோடு வைக்க வேண்டும். கிரந்தம் தெரிந்த அறிஞர் நூலின் பெயரைக் கண்டுபிடித்துவிடுவார். கொள்ளுப்பாட்டனார் திருக்குவளையில் பூசை செய்தாரா, திருவாய்மூரில் செய்தாரா என்பதை எந்த அறிஞராலும் ஏட்டைப் பார்த்துச் சொல்ல இயலாது. வீட்டில் உள்ள மூத்தவர்தான் சொல்ல வேண்டும்.